பெரிய மீன் இருந்துச்சு, குஞ்சைக் காணோம்

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருக்கிற எத்தனையோ ஊர்களில் எங்க ஊரும் ஒன்று. பாலாற்றில் இருந்து ஒரு கால்வாய் வந்து எங்க ஏரியை நிரப்பும். இந்த ஏரியில் மீன் எப்படி இல்லாமப் போச்சு என்பதைத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். யாரைக் கேட்டாலும் "டேனரித் தண்ணி கலந்துச்சு, மீன் செத்துச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்படி ஒரே நாளில் நடக்கவில்லை. கழிவு வந்த பிறகும் பெரிய மீன் பல வருஷம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நாங்க ஏமாந்தோம்.

முதலில் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவில் கொஞ்ச தூரம் போய், வாணியம்பாடிக்கு மேலே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. நம்ம மாநிலத்தில் மட்டும் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் கடலில் சேருது. ஓடி என்று எழுதிவிட்டேன், ஆனால் வருஷத்தில் வெள்ளம் போகிற நாள் கொஞ்சம்தான். மற்ற நாளெல்லாம் மணல். அந்த மணலுக்கு அடியில்தான் தண்ணி. ஆற்று மணலில் நீளமாகப் பள்ளம் வெட்டி, ஊறுகிற தண்ணியைக் கால்வாயாக ஊருக்கு இழுத்து வருவது எங்க பக்கத்துப் பழைய முறை. ஊற்றுக்கால்வாய் என்போம். கோடையிலும் அதில் முழங்கால் அளவுக்குத் தண்ணி நிற்கும். அயிரை, கெளுத்தி, கெண்டை, குறவை, விரால் எல்லாம் அதில் இருக்கும். ஐப்பசி மழையில் புதுத்தண்ணி வரும்போது மீன் எதிர்த்து ஏறும். நாங்க சின்னப் பசங்க துண்டை விரித்துப் பிடிப்போம்.

தோல் பதனிடும் தொழில் எங்க பக்கம் நேற்று வந்தது இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே வேரூன்றியது. அப்போது தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டையில். மலையடிவாரத்திலும் கரம்பிலும் வளர்கிற ஆவாரஞ்செடியை வெட்டி, பட்டை உரித்து, காய வைத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் எடை போட்டுக் காசு தருவார்கள். எங்க அப்பாவுக்கு அதுதான் மழை இல்லாத மாசத்து வருமானம். மாட்டு வண்டியில் பட்டைக் கட்டு மேல் உட்கார்ந்து நானும் போயிருக்கிறேன், ஏழெட்டு வயசு இருக்கும். டேனரிக்குள்ளே வரிசையாகத் தொட்டி, பழுப்புத் தண்ணி, குமட்டுகிற நாற்றம். ஒரு தோல் பதமாகி வெளியே வர வாரக்கணக்கில் ஆகும்.

அந்தக் காலத்துத் தண்ணி சுத்தமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு, மயிர் உதிர்க்கப் போட்ட சுண்ணாம்பு எல்லாம் அப்போதும் வெளியேதான் வந்தது. வாய்க்கால் முனையில் மீன் வாய் பிளந்து மிதப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அது பட்டைச் சாறும் கொழுப்பும் மயிரும். அழுகும், நாறும், ஒரு வெள்ளம் வந்தால் போய்விடும். அதற்குப் பிறகு வந்தது அழுகாத சரக்கு.

குரோமியத்தில் தோல் பதனிடுவது நம்ம சென்னை மாகாணத்துக்கு 1903லேயே வந்துவிட்டது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம். ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் என்று ஒரு ஆங்கிலேய அதிகாரி, கைத்தொழில் வளரணும் என்று பல வேலை செய்தவர், அரசாங்கச் செலவில் அதைச் செய்து பார்த்தார். குரோம் தோல் எவ்வளவு ஊறினாலும் சீக்கிரம் கெடாது. அதனால் கிணற்றில் மாடு கட்டித் தண்ணி இறைக்கிற கவலைக்கு இந்தத் தோல் நல்லது என்று அவர் எடுத்துச் சொன்னார். விவசாயிக்கு உபகாரம் என்றுதான் முதலில் வந்தது, பாருங்க! ஆனாலும் எங்க பக்கத்து டேனரிகள் ரொம்பக் காலம் பட்டையை விடவில்லை. பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பல் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புவதுதான் வியாபாரம். மீதி வேலையை அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

1970களின் தொடக்கத்தில் அது மாறியது. சீதாராமய்யா குழுவின் பரிந்துரைப்படி, பச்சைத் தோலும் பாதித் தோலும் வெளியே போவதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. முழுசாகத் தயாரான தோலும் செருப்பும் ஷூவுமாகப் போனால் நாட்டுக்கு அதிக அந்நியச் செலாவணி, இங்கே அதிக வேலை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுத் தோலுக்கு வேகம் வேணும், நிறம் வேணும், மென்மை வேணும். அதற்குக் குரோமியம்தான் தோது. வாரக்கணக்கில் ஆன வேலை டிரம்மில் போட்டுச் சுற்றினால் ஒரே நாளில் முடியும். தோல் வெளிர்நீலமாக வெளியே வரும். வெட் ப்ளூ என்பார்கள். போட்ட குரோமியத்தில் நூற்றுக்கு அறுபது எழுபது பங்கைத்தான் தோல் குடிக்கும். மீதி வாய்க்காலுக்கு.

அப்பாவின் பட்டை வியாபாரம் மூணு நாலு வருஷத்தில் படுத்துவிட்டது. அண்ணன் டேனரியில் டிரம் வேலைக்குச் சேர்ந்தார். அவர் சம்பளத்தில்தான் நான் பத்தாவது வரைக்கும் படித்தேன். இதைச் சொல்லாமல் இந்தக் கதையை எழுதினால் அது யோக்கியமாக இருக்காது.

இனி விரால். எங்க பெரியப்பா ஊத்தா போட்டு மீன் பிடிப்பதில் கெட்டிக்காரர். விராலைப் பற்றி உங்களில் நிறையப் பேருக்குத் தெரிந்தது குழம்பு மட்டும்தான் என்று நினைக்கிறேன். அது குஞ்சு காக்கிற மீன். ஆணும் பெண்ணும் சேர்ந்து கோரைக்கு நடுவில் வட்டமாக இடம் ஒதுக்கும், முட்டை மேலே மிதக்கும். பொரித்த குஞ்சு செக்கச்செவேல் என்று ஒரு கூட்டமாகத் திரியும். தண்ணிக்கு மேலே பார்த்தால் குங்குமத்தைக் கரைத்து விட்ட மாதிரி இருக்கும். கீழே தாயும் தகப்பனும் காவல். குஞ்சுக் கூட்டத்தில் தூண்டிலைப் போட்டால் தாய் பாய்ந்து கடிக்கும், சுலபமாகப் பிடித்துவிடலாம். பெரியப்பா மட்டும் அப்படிப் பிடிக்க மாட்டார். "குஞ்சோட இருக்கிறதைப் பிடிச்சா அடுத்த வருஷம் எதைப் பிடிப்ப?" என்பார்.

1985ஆக இருக்கும். கால்வாய் ஏரிக்குள் விழுகிற பக்கம் தண்ணி ஒரு மாதிரி பச்சைச் சாம்பல் நிறம். விரால் ஒரு ஜோடி குஞ்சோடு இருப்பதைப் பெரியப்பா காட்டினார். நாலு நாள் கழித்துப் போனோம். குஞ்சு எல்லாம் வெளுத்துக் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தது, ஊறிப்போன சோற்றுப் பருக்கை மாதிரி. தாய் விரால் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. தண்ணிக்கு மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வருஷமும் அதேதான். ஆனால் சந்தையில் இரண்டு கிலோ விரால் வந்துகொண்டே இருந்தது. ஊரில் கழிவைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "தண்ணி கெட்டிருந்தா இவ்ளோ பெரிய மீன் எப்படி இருக்கும்?" என்று ஒருத்தர் கேட்பார், எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம். பெரியப்பா மட்டும் சொன்னார், "எல்லாம் கிழடுடா. இளசு ஒண்ணாவது பார்த்தியா?" அதுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஏரியை ஏலம் எடுத்த ஒருத்தர் பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜன் அடைத்துக் கட்லா, ரோகு குஞ்சு கொண்டு வந்து விட்டார். இரண்டே நாளில் அத்தனையும் மிதந்தது. வண்டி லேட்டாகக் கொண்டு வந்ததால்தான் செத்தது என்று டிரைவரோடு சண்டை போட்டார். யாரும் தண்ணியை நினைக்கவில்லை. 1990 வாக்கில் விராலும் நின்றுபோச்சு. ஜிலேபிக் கெண்டை மட்டும் எப்படியோ கிடந்தது. 1952ல் வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்த மீன் அது, எதையும் தாங்கும்.

இந்தப் புதிர் விடுபட எனக்கு இருபது வருஷம் ஆச்சு. அண்ணன் மகள் கல்லூரியில் விலங்கியல் படித்தாள். ஒருநாள் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "சித்தப்பா, விரால் காத்தை மூச்சு விடுற மீன். ஆனா அதோட குஞ்சு பொறந்த உடனே அப்படி இல்ல" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தாய் விராலுக்குத் தலையில் காற்றறை இருக்கிறது. தண்ணி கெட்டால் மேலே வந்து மூச்சு விட்டுக்கொள்ளும். குஞ்சுக்கு அந்த அறை வளரச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் செவுளாலும் மெல்லிய தோலாலும் தண்ணிக்குள்ளேயே மூச்சு விடணும். அந்தச் சில வாரம்தான் கண்டம். மற்ற மீனுக்கும் குஞ்சுப் பருவம்தான் ஆபத்து. முட்டைக்கு மேலே ஒரு சவ்வு இருக்கிறது, அது உலோகத்தில் ஒரு பகுதியைத் தன்மேலேயே பிடித்து நிறுத்தும். பொரித்து வெளியே வந்துவிட்டால் அந்தக் காவல் போச்சு. உடம்பு ஊசி அளவு, ஆனால் அந்த உடம்பைப் பார்க்கத் தண்ணியில் படுகிற தோல்பரப்பு ரொம்ப அதிகம். எலும்பு வளரக் கால்சியம் வேணும் என்று தண்ணியில் இருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்கள் அந்தக் கால்சியத்தின் வாசல் வழியாகவே உள்ளே நுழைந்துவிடும். பெரிய மீனின் ஈரலும் சிறுநீரகமும் விஷத்தைக் கட்டிப்போட்டுக் கொஞ்சமாவது சமாளிக்கும். குஞ்சுக்கு அந்த உறுப்பே இன்னும் சரியாக உருவாகி இருக்காது.

இதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பெண் ஆராய்ந்திருக்கிறார் என்றும் அவள்தான் சொன்னாள். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ஈயச் சுரங்கக் கழிவால் மீனே இல்லாமல் போன ஆறுகள் இருந்தன. 1920களில் கேத்லீன் கார்ப்பென்டர் என்பவர் அந்த ஆறுகளில் இறங்கி வேலை செய்தார். சின்ன மீன்களை ஈயம் கலந்த தண்ணியில் விட்டுப் பார்த்தார். மீனின் உடம்பில் ஊறுகிற வழவழப்போடு உலோகம் சேர்ந்து, செவுள் மேல் ஏடு படிந்த மாதிரி படிகிறது, மீன் தண்ணிக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகிறது என்று கண்டுபிடித்தார். வேல்ஸில் சுரங்கங்கள் மூடின பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயிர் திரும்பியதையும் பதிவு செய்திருக்கிறார். அங்கே ஆறு வருஷம் முழுக்க ஓடுகிறது, கழுவிக்கொண்டு போகும். நம்ம ஆறு அப்படியா?

எங்க ஏரியில் குஞ்சைக் கொன்றது குரோமியம் மட்டும்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். டேனரித் தண்ணியில் உப்பு இருந்தது, சல்ஃபைடு இருந்தது, அழுகல் இருந்தது. எல்லாம் சேர்ந்த கலவை. ஆனால் உப்பை வெள்ளம் கரைத்துக்கொண்டு போகும். டேனரியில் போடுகிற வகைக் குரோமியம் தண்ணியில் ரொம்ப நேரம் நிற்காது, சேற்றில் போய்ப் படியும். அங்கேயே கிடக்கும். குஞ்சு மீன் மேய்வது அந்தச் சேற்றுப் புழுவைத்தான். இன்னொரு வகைக் குரோமியம் மஞ்சளாகத் தண்ணியில் கரைந்தே இருக்கும், செவுளைச் சுலபமாகத் தாண்டி உடம்புக்குள் போய்விடும். விஷத்தில் அதுதான் அண்ணன். எங்களுக்குக் கீழே ராணிப்பேட்டையில் அதைத் தயாரித்த ஒரு தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டு, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவை அப்படியே விட்டுவிட்டுப் போனது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணி கசியும்.

சட்டத்தில் அளவு உண்டு. ஆற்றில் விடுகிற கழிவுநீரில் லிட்டருக்கு மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராம் வரைக்கும், அந்த மஞ்சள் வகை 0.1 வரைக்கும் இருக்கலாம். குடிதண்ணியில் 0.05க்கு மேல் கூடாது. இந்த வித்தியாசத்தைப் பார்த்து நான் ரொம்ப நேரம் யோசித்தேன். கழிவு ஆற்றில் விழுந்ததும் ஆற்றுத் தண்ணியில் கலந்து நீர்த்துப்போகும் என்கிற நினைப்பில் வைத்த கணக்காகத்தான் எனக்குப் படுகிறது. பாலாற்றில் மாசிக்கு மேல் தண்ணி ஏது? எங்க சின்ன வயசில் ஊற்றுக்கால்வாய் இருந்தது. பிறகு மணல் அள்ளி, போர் போட்டு, ஊற்றும் அற்றுப்போச்சு. கடைசியில் கால்வாயில் ஓடிய ஒரே தண்ணி டேனரித் தண்ணிதான். எதோடு கலந்து நீர்த்துப்போகும்?

1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் இருந்த அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தினவரே நஷ்டத்தைக் கட்டணும் என்பது இந்த நாட்டுச் சட்டம் என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் பாடமாக இருக்கிறது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ விவசாயத்துக்கு லாயக்கில்லாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது அந்தத் தீர்ப்பிலேயே வருகிறது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணி என்கிற கணக்கும் அதில்தான் படித்தேன். பிறகு நஷ்ட ஈடு கணக்கிட ஒரு ஆணையம் அமைத்தார்கள். 2001ல் சுமார் 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் என்று முடிவானது. வகுத்துப் பாருங்க, தலைக்குப் பத்தாயிரத்தைத் தொடாது.

எங்க வீட்டு மனுவை நான்தான் எழுதினேன். ஒன்றரை ஏக்கர் நஞ்சை, ஒரு கிணறு, பதினேழு தென்னை. என் கையெழுத்து நல்லா இருக்கும் என்று ஊரில் இன்னும் பத்துப் பேருக்கும் எழுதிக் கொடுத்தேன். ஒன்றில்கூட மீன் என்று எழுதவில்லை. பெரியப்பா அப்போது உயிரோடு இருந்தார். அவருக்கு நிலம் கிடையாது, பட்டா கிடையாது, அதனால் மனுவும் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்று எழுது என்று அவர் கேட்கவும் இல்லை, உங்களுக்கு என்ன போச்சு பெரியப்பா என்று நான் கேட்கவும் இல்லை.

1990களுக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, நிறைய டேனரி மூடியது, ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்கிற முறையும் வந்தது. நிலைமை முன்னைக்கு இப்போது தேவலை, அதை மறைக்க மாட்டேன். இன்னும் ராத்திரி மழை பெய்தால் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதையும் மறைக்க மாட்டேன். 2025 ஜனவரி 30ந் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு கொடுத்து, ஈட்டுத்தொகை பாக்கியைக் கொடுக்கவும் ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் சொல்லியிருக்கிறது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் இருபத்தெட்டு வருஷம்.

2021 கார்த்திகையில் பாலாறு கரை புரண்டு வந்தது உங்களுக்கு டிவியில் பார்த்த ஞாபகம் இருக்கலாம். ஏரி பல வருஷம் கழித்துக் கோடி போனது. அதோடு மேலே இருந்து அயிரையும் கெளுத்தியும் வந்தது. போன வருஷம் ஆடியில் ஒருநாள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவன், கோரைக்குப் பக்கத்தில் அந்தக் குங்கும நிறத்தைப் பார்த்தேன். விரால் குஞ்சுதான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பசங்க தூண்டிலோடு வந்துவிடுவாங்க.

தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். நாலாம் நாளும் இருந்தது. பத்தாம் நாள் கூட்டம் பாதியாகி இருந்தது. கரையில் செத்த குஞ்சு எதுவும் தட்டுப்படவில்லை, பக்கத்தில் இரண்டு கொக்கு நின்றது. பதினெட்டோ பத்தொன்பதோ, அந்த நாளில் மிச்சமிருந்த குஞ்சில் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டுக் கீழே போனது. பக்கத்தில் இன்னொன்று. நான் மாட்டை அவிழ்த்துவிட்டதையே மறந்துட்டேன். அது போய்ப் பக்கத்து வயல் கேழ்வரகில் இறங்கி, அதற்கு ஒரு பஞ்சாயத்து ஆச்சு.